பேச்சுக்கு அடியில் ஆர்கன்

"என் துணியைத் தொட்டது யாரு?"

தூக்கத்திலிருந்து எழுந்த வேகத்தில் வெர்னா கத்திவிட்டாள். துணி துவைக்கும் கடையில் அவளைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் பிடித்து வைத்திருந்த, துணி உலர்த்தும் ட்ரையருக்குள் சிவப்பு சிவப்பாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. அவள் போட்டது சிவப்பு இல்லை. ஜீன்ஸ், சட்டை, பிறகு சொல்லக் கூச்சப்படும் சில சாமான்கள்...

அவையெல்லாம் மேஜைமேல் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. கூச்சப்படும் சாமான்கள் மட்டும் ஒரு துண்டு போட்டு மூடப்பட்டிருந்தன.

"நான்தாங்க," என்றான் திரும்பாமலே. "மெஷின் நின்னு ரொம்ப நேரமாச்சு. எழுப்பலாம்னு பார்த்தேன். நல்லா குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

"நான் குறட்டை விடமாட்டேன்."

"அப்ப மெஷின்தான் விட்டிருக்கும்."

வெளியே மழை. டஸ்கம்பியா என்ற அந்தச் சின்ன ஊரில் பிப்ரவரி மழை அப்படித்தான். கொட்டவும் கொட்டாது, விடவும் விடாது. கடன்காரன் மாதிரி வாசலிலேயே நிற்கும்.

அவன் திரும்பினான். நாற்பதைத் தாண்டிய கறுப்பு முகம். தாடியில் அங்கங்கே வெள்ளை. கண்கள் மட்டும்... மழையில் நனைந்த தார்ச்சாலை மாதிரி. கறுப்புத்தான், ஆனால் எங்கிருந்தோ கொஞ்சம் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தன.

நல்ல கண்ணு... என்று நினைத்தாள். உடனே தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இந்த வயசில், இந்தக் களைப்பில், கண்ணு ஒண்ணுதான் குறைச்சல்.

வெர்னா டாக்கெட், கென்டக்கி நிலக்கரி மலைப் பக்கத்துப் பெண். கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியே பாதி ஆயுளைக் கழித்தவள். காதல் பாட்டு எழுதுகிறவர்கள் எல்லாம் காதலித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். இவள் எழுதிய பாட்டுகளைக் கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் உண்டு. இவளுக்கு மோட்டல் அறையும் டிவியும்தான்.

"என்ன அது, சிவப்பா?"

"சர்ச்ல பாடற கொயர் குழுவோட அங்கி. சர்ச் கூரை ஒழுகி அலமாரியே நனைஞ்சு போச்சு. நாளைக்கு ஞாயிறு. ஈரத்தோட நின்னா உச்சக் குரல்ல பாடற சோப்ரானோ எல்லாம் தும்மும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் துணியைப் பைக்குள் திணித்தாள். திணிக்கும்போது வாய் தானாக ஒரு மெட்டை முணுமுணுத்தது. அவளுடைய மெட்டு. இந்த ஊர் ஸ்டூடியோவில் பதிவு செய்துகொண்டிருக்கும் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. சரியாக வராமல் அவளைக் கொன்றுகொண்டிருக்கும் பாட்டு.

தட்... தட், தட்...

அவன் விரல்கள் ட்ரையரின் மூடியில் நடந்தன. அவள் முணுமுணுப்பு எங்கே போகப்போகிறதோ அங்கே முன்னாலேயே போய்க் காத்திருந்தன. வெர்னா முணுமுணுத்துக்கொண்டே அவன் காலைப் பார்த்தாள். இடது கால் தரையில் எதையோ தேடித் தேடி மிதித்தது. ஆர்கனுக்குத்தான் காலால் மிதிக்கும் கட்டைகள் உண்டு. பியானோக்காரனுக்கு அந்தக் கால் சும்மா இருக்கும்.

"நீங்க ஆர்கன் வாசிப்பீங்க."

விரல் நின்றது. "சர்ச்ல."

"என் ஆல்பத்துக்கு ஒருத்தர் வேணும். வந்தவர் பெரிய ஆளோட டூர் கிடைச்சிடுச்சுன்னு போயிட்டார். ஒரே ஒரு பாட்டு..."

"ஸ்டூடியோவுக்கு நான் வர்றதில்லை."

"ஏன்?"

"ஒருநாள் கடையில வெங்காயம் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். மேல ஸ்பீக்கர்ல பாட்டு, அதுல ஆர்கன். என் கை. என் கை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல வாசிச்சுக் கொடுத்தது. அந்த ரெக்கார்டை வாங்கி அட்டையைப் பார்த்தேன். நாய்க்குச் சாப்பாடு வச்சவன் பேரு வரைக்கும் இருக்கு. என் பேரு இல்லை."

"உங்க பேரு என்ன?"

"ஆமோஸ் பிரூயிட்."

"என் அட்டையில இருக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நான் எல்லாரும் இல்லை."

"அதையும் எல்லாரும்தான் சொல்வாங்க, மேடம்."

அங்கிகளைச் சூட்டோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் போய்விட்டான். திமிர் பிடித்த ஆள்... என்று வெர்னா நினைத்தாள். ஆனால் கதவு மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டான்.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை, பள்ளி பஸ் ஓட்டும் வேலை இல்லை, வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதில் வந்தேன் என்றான். பொய். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கும்போது அவள் மெட்டு அவன் விரலில் வந்து நின்றது. கொயரில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் வந்தான்.

"ரெண்டு விஷயம்," என்றான் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "அட்டையில பேரு. வாசிச்சதை நான் உக்காந்து கேக்கணும்."

"சரி."

"சரின்னு சீக்கிரம் சொல்றீங்க. அதான் பயமா இருக்கு."

ஸ்டூடியோ டுவைட் என்ற கிழவனுடையது. டுவைட் இன்னும் டேப்பில்தான் பதிவு செய்வான். ஸ்டூடியோக்காரன் சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஆல்பத்தைப் பற்றி அவன் சொன்னது முழுக்க உண்மை. "மலைப் பாட்டு தனியா நிக்குது வெர்னா. ராக் தனியா நிக்குது. சர்ச்ல பொறந்த சோல் பாட்டு மூலையில நிக்குது. டாக்டர் வீட்டு வரிசையில உக்காந்த ஆளுங்க மாதிரி, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை."

இது சரியாக வராவிட்டால் வெர்னா பாடுவதை விட்டுவிடுவாள். லெக்சிங்டனில் தங்கை ஒரு பல் வைத்தியரிடம் வேலை பேசி வைத்திருந்தாள். போனை எடுத்து 'வணக்கம், என்ன வேண்டும்' என்று கேட்கும் வேலை. குரல் நல்ல குரலாச்சே என்றாளாம் தங்கை.

ஆமோஸ் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து காலணியைக் கழற்றினான். வெர்னா பாடினாள். அவன் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அவள் மூச்சு விடும் இடத்தில் அவன் மூச்சுப் பிடித்தான். அவ்வளவுதான். ஆனால் மலையும் தெருவும் சர்ச்சும் ஒரே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

பாட்டு நடுவே ஒரு மைக் வயர் கரகரத்தது. "இருங்க, யாரும் நகராதீங்க," என்று டுவைட் வயரைத் தேடிப் போனான். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

வெர்னா மைக் முன்னாலேயே நின்றாள். கால் வலித்தது. யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"என்ன பிழைப்பு டுவைட் இது... கோழி கடிச்சிக்கிட்டு இருக்கவங்களுக்கு முன்னால நின்னு காதல்னு பாடறேன். ஒருத்தனும் நிமிர மாட்டான். அப்புறம் ரூமுக்கு வந்து டிவியில வானிலை சொல்றவன்கிட்ட குட் நைட் சொல்லிட்டுப் படுக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன். அவனுக்குக் குட் நைட் சொல்றேன்..."

மெல்ல, தரைக்கு அடியிலிருந்து வருவது போல, ஆர்கன் வந்தது. அவள் ஒரு வாக்கியம் சொன்னாள், அது 'ம்' என்றது. அவள் தயங்கினாள், அது காத்திருந்தது. 'குட் நைட்' என்றபோது ஒரே ஒரு சுரம் மேலே போய்... இறங்கி வந்தது.

வெர்னா திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது.

"என்ன, கிண்டலா?"

அடுப்பைத் தொட்டவன் போல ஆமோஸ் கையை எடுத்தான். "ஐயோ, இல்லைங்க. பழக்கம். எங்க சர்ச்ல பாஸ்டர் பேசறப்ப, யாராவது எழுந்து தன் வாழ்க்கையைச் சாட்சியா சொல்றப்ப, அடியில வாசிச்சுக்கிட்டே இருக்கணும். பேசறவங்களைத் தனியா விட்டுடக் கூடாது. யாராவது உண்மையைப் பேசினா என் கை என்னைக் கேக்காமலே போயிடும்."

"நான் சாட்சியா சொன்னேன்? புலம்பினேன்."

"எனக்கு வித்தியாசம் தெரியலைங்க."

அவன் கண்ணைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

மதியம் ஸ்டூடியோ பின்படியில் உட்கார்ந்து வெள்ளைச் சாஸில் தோய்த்த கோழியைச் சாப்பிட்டார்கள். மழை அவர்கள் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளிப் பெய்தது. தோளும் தோளும் உரசாத இடைவெளி... உரசிவிடக்கூடிய இடைவெளி.

"நானும் கோழிதான் கடிக்கிறேன்," என்றான் ஆமோஸ். "ஆனா நிமிர்ந்து பார்க்கறேன். கணக்குல வச்சுக்கோங்க."

"சாஸ் தாடியில ஒட்டியிருக்கு. அதையும் வச்சுக்கறேன்."

அவன் மனைவி அட்லாண்டா போய்ப் பல வருஷமாகிவிட்டது, அவன் போகவில்லை. அதை அவன் நாலே வார்த்தையில் சொன்னான். கிளம்பும்போது "நாளைக்கு பஸ் ஓட்டி முடிச்சதும் வர்றேன். வாசிச்சதைக் கேக்கணும்," என்றான். போகிற போக்கில் "குட் நைட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, வெர்னா," என்றான். பேர் சொன்னது அதுதான் முதல் தடவை. மேடம் காணாமல் போயிருந்தது.

மறுநாள் காலையில் டுவைட் அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டினான். "கடைசிப் பாட்டுக்கு முன்னால இதை அப்படியே வைக்கப் போறேன். ஆல்பத்துலயே இதுதான் உயிர்."

வெர்னா கேட்டாள். ஒரு பெண் பேசினாள். களைத்த, தனிமையான, யாருக்கும் வேண்டாத ஒரு பெண். இதையா ஊரெல்லாம் கேட்கப் போகிறது? வானிலைக்காரனுக்குக் குட் நைட் சொல்கிறவள் என்றா? அதைவிட, அந்த ஆர்கன்... அது அவளைத் தடவிக் கொடுத்தது. அத்தனை பேர் முன்னால். எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறாள் என்று அது பச்சையாகக் காட்டிக்கொடுத்தது.

"அழிச்சிடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"அழிங்க டுவைட். அந்தப் பாட்டோட சேர்த்து. மேலேயே இன்னொரு தடவை பாடறேன்."

டேப் அப்படித்தான். மேலே பதிந்தால் கீழே இருந்தது போயிற்று, எந்த சாமி வந்தாலும் திரும்பாது. டுவைட் முனகினான், கெஞ்சினான். அவள் நகரவில்லை. வேறு வழியின்றி பொத்தானை அழுத்தினான். அவள் தனியாகப் பாடினாள். சுத்தமாக இருந்தது. செத்தும் இருந்தது.

ஆமோஸ் சாயங்காலம் வந்தான். கையில் ஒரு டப்பா, உள்ளே பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம். அக்கா செய்தது என்றான். "போடுங்க டுவைட், கேப்போம்."

டுவைட் தரையைப் பார்த்தான். "அவ அழிக்கச் சொல்லிட்டா."

ஆமோஸ் டப்பாவை மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் வெர்னாவைப் பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்த வெளிச்சத்தை யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள். "போன தடவை, அட்டை அச்சடிக்கிற வரைக்குமாவது என்னை வச்சிருந்தாங்க."

உன்னை அழிக்கலை, என்னைத்தான் அழிச்சேன்... தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மனிதர்களுக்கு வேண்டிய நேரத்தில் வாய் வராது. வெட்கம் வந்தால் சிலர் அழுவார்கள், வெர்னா விறைத்துக்கொள்வாள்.

"என் ஆல்பம். என் டேப்," என்றாள்.

"ஆமாங்க மேடம்," என்றான் அவன். அந்த 'மேடம்' மறுபடி வந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

டப்பா மேஜைமேலேயே இருந்தது. டுவைட் ஒரு துண்டு வெட்டித் தின்றான். "நல்லாத்தான் இருக்கு," என்றான். "நீதான் உதவாக்கரை."

அந்த வாரம் முழுக்க வெர்னா பாடினாள். எல்லாம் சுத்தமாக வந்தது. யாரும் திருப்பிப் போட்டுக் கேட்கச் சொல்லவில்லை. லெக்சிங்டனிலிருந்து தங்கை போன் செய்தாள். வேலை இன்னும் காலியாக இருக்கிறதாம். சரி, யோசிக்கிறேன் என்றாள் வெர்னா. யோசித்தது பல் வைத்தியரைப் பற்றி இல்லை. தனியாக விட்டுடக் கூடாது... என்று ஒருவன் சொன்னான். அவனை அவள் தனியாக விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆமோஸின் சர்ச் வாசலில் நின்றாள். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அம்மாள் கதவருகே நின்று விசிறி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆமோஸின் அதே கண்கள். அக்கா எர்னஸ்டீன். சந்தேகமே இல்லை.

"போட்டோ எடுக்க வந்தீங்களா? உங்க வெள்ளைக்கார ஆளுங்க நிறைய பேர் வர்றாங்க. கைதட்டறதைப் படம் பிடிக்க."

"இல்லைங்க."

"அப்ப என் பலகார டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தீங்களா?"

வெர்னா வெறுங்கையை விரித்துக் காட்டினாள். எர்னஸ்டீன் அவள் கையில் ஒரு விசிறியைத் திணித்தார். "என் தம்பியை ஒருதடவை துடைச்சுப் போட்டாங்க. எழுந்திரிக்க ரொம்ப நாளாச்சு. கடைசி பெஞ்ச். உக்காருங்க."

கடைசி பெஞ்சிலிருந்து ஆமோஸின் தலை மட்டும் தெரிந்தது. சிவப்பு அங்கி. பாட்டு முடிந்தது. அறிவிப்பு முடிந்தது. பாஸ்டர் வழக்கம்போலக் கேட்டார்: "இன்னைக்கு முதல்தடவை வந்தவங்க எழுந்து நின்னு, பேரு, ஊரு, சொந்த சர்ச் சொல்லுங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் வெள்ளை முகம், கண்ணில் படாமல் இருக்க வழியில்லை. எழுந்தாள்.

"வெர்னா டாக்கெட். கென்டக்கி. சொந்த சர்ச்... இல்லைங்க. மோட்டல்தான்."

சிரித்தார்கள். யாரோ "பரவாயில்லை சிஸ்டர், சொல்லுங்க," என்றார்கள். அவ்வளவோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்க ஆர்கன் வாசிக்கிறவர், பிரதர் ஆமோஸ் பிரூயிட், எனக்காக வாசிச்சாரு. பேரு போடறேன்னு வாக்குக் கொடுத்தேன். மறுநாளே அழிச்சிட்டேன். அவர் வாசிச்சது நல்லா இல்லைன்னு இல்லை..."

நிறுத்தினாள். இந்த இடத்தில் ஆர்கன் வர வேண்டும். அந்த சர்ச்சில் யார் எழுந்து பேசினாலும் வரும். குழந்தை எழுந்து நின்று உளறினாலும் வரும். கூட்டம் காத்திருந்தது.

வரவில்லை.

ஆமோஸின் இரண்டு கையும் மடியில் இருந்தன. கொயரில் ஒருத்தி குனிந்து பார்த்தாள். பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "வாசிடா," என்று பக்கச் சுவரோரம் நின்ற எர்னஸ்டீன் வாயை அசைத்தது பின் பெஞ்ச் வரை தெரிந்தது. அவன் அசையவில்லை. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும்.

துணையில்லாமல் பேச வேண்டியதாயிற்று.

"...ரொம்ப நல்லா இருந்தது. அதான் பயம். நான் தனியா இருக்கேன்னு எனக்கே தெரியாம ஓட்டிக்கிட்டு இருந்தேன். அவர் வாசிச்சதும் தெரிஞ்சு போச்சு. அது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அழிச்சேன். அழிச்சது என்னைத்தான். அவரை இல்லை. அவ்வளவுதாங்க."

உட்கார்ந்தாள். "ஆமென்" என்று ஒரு பெரியவர் மட்டும் சொன்னார். ஆர்கன் அப்போதும் வரவில்லை. போயிற்று, என்று வெர்னா நினைத்தாள். கேட்டான், மன்னிக்கவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆராதனை முடிந்தது. எல்லோரும் பின்கூடத்துக்குச் சாப்பிடப் போனார்கள். கெளுத்தி மீன் பொரியும் வாசனை. வெர்னா நேரே வெளியே வந்து தன் வேனைத் திறந்தாள். தூறல்.

"வெர்னா."

ஆமோஸ் படியில் நின்றான். அங்கியைக் கூடக் கழற்றவில்லை. சிவப்பில் தூறல் விழுந்து விழுந்து கறுத்தது.

"அதை நனைச்சா உங்க அக்கா என்னைத்தான் திட்டுவாங்க," என்றாள்.

"திட்டுவா." இறங்கி வந்தான்.

"ஏன் வாசிக்கலை?" கேட்கும்போது குரல் உடைந்தது. "குழந்தைக்குக்கூட வாசிப்பீங்களாமே..."

அவன் ஈரக் கைகளைப் பார்த்தான். "சின்னப் பையன்லேருந்து இங்க எல்லாரும் பேசறதுக்கு அடியில வாசிச்சிருக்கேன். ஒருத்தர் என்ன சொன்னாங்கன்னு கேளு, எனக்குத் தெரியாது. கை கேக்கும். காது கேக்காது. வாசிச்சிருந்தா நீ சொன்னதும் அப்படியே போயிருக்கும்..." நிமிர்ந்தான். "எனக்குக் கேக்கணும்னு இருந்துச்சு."

மழை அவர்கள் நடுவே விழுந்தது. அவன் கண்ணைப் பார்த்தாள். இந்த முறை விலகவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ஆல்பத்துக்குக் கூப்பிட வரலை ஆமோஸ். அது எப்படியோ போகட்டும். டேப்பும் போயிடுச்சு. திரும்ப வராது."

"தெரியும். நானும் அதுக்காக வரலை." தொண்டையைச் செருமினான். "எனக்கு இப்படி வெறும் கையோட நின்னு பேசிப் பழக்கமில்லை... அதனால ஒழுங்கா வராது. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. துணி துவைக்கிற கடையில நீ கத்தினப்பவே. திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, எல்லாக் கிழமையும் நீ பேசறதைக் கேக்கணும்னு இருக்கு."

"எல்லாக் கிழமையும் நல்லாப் பேச மாட்டேன். பாதி நாள் புலம்பல்தான்."

"எனக்குத்தான் வித்தியாசம் தெரியாதே."

"சில நாள் ரொம்பக் களைச்சுப் போய் வாயே திறக்க மாட்டேன். எவ்வளவு கேட்டாலும் பாட மாட்டேன்."

"அப்ப பேச வேணாம்," என்றான் ஆமோஸ். "பாட வேணாம். சும்மா உக்காந்திருப்போம்."

பாடு என்று சொன்னவர்கள் நிறைய உண்டு அவள் வாழ்க்கையில். இன்னொன்று பாடு, சத்தமாகப் பாடு, சிரித்துக்கொண்டே பாடு. சும்மா உட்காரலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. வெர்னா வேன் கதவைச் சாத்தினாள். கையைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே நீட்டினாள்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு ஆமோஸ்," என்றாள். "ரொம்பக் களைப்பா இருக்கு... ஆனா பிடிச்சிருக்கு."